நாலு நாட்டுச் சபையில் வாசித்த ஓலை

நனைந்த கம்பளியின் வாடைதான் எங்கள் கோயிலின் வாடை. மழைக்குத் தலையில் போட்டுக்கொண்டு வந்த கம்பளிகளை வாசலில் உதறிவிட்டு, மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்காருவார்கள். கல் சுவரின் குளிரும், மெழுகுதிரிப் புகையும், துரைமார் உட்காரும் முன்வரிசைப் பலகைகளுக்குப் பூசிய பாலிஷ் மணமும் அந்தக் கம்பளி வாடையோடு கலந்து, ஜெபம் முடிவதற்குள் தலை கனத்துவிடும். அந்த மணம் இப்போது அங்கே இல்லை. கம்பளி போடுகிறவர்களும் இல்லை, பாலிஷ் பூசச் சொல்லுகிறவர்களும் இல்லை. ஆனால் சென்ற மாதம் தலைநகரத்தில் ஒரு காவல் நிலைய வாங்குப் பலகையில் என் மகனுக்காகக் காத்திருந்தபோது, ஏனென்று தெரியவில்லை, அந்த வாடை என் மூக்கில் வந்து நின்றது. வீடு திரும்பியதிலிருந்து சரியான தூக்கமில்லை. மனம் ஓரிடத்தில் நிற்காமல் பழைய இடங்களுக்கே ஓடுகிறது. எழுதிப் பார்த்தாலாவது ஓயுமா என்றுதான் எழுதுகிறேன்.

இலங்கை மலைநாட்டில் டயகமைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் என் அப்பா கணக்கப்பிள்ளையாக இருந்தார். ஆட்களை வேலைக்குப் பிரித்துவிடும் காலைப் பெரட்டில் பெரிய துரைக்குப் பக்கத்தில் நிற்கிற உத்தியோகம். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்துக்குச் சற்றுத் தள்ளித் தனி வீடு. தோட்டத்தில் பெரும்பாலும் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். சில குடும்பங்கள் ரோமான் வேதம், அதாவது கத்தோலிக்கர். நாங்களும் இன்னும் சிலரும் துரைமார் கட்டிய கல் கோயிலுக்குப் போகிறவர்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு காலையில் அங்கே இங்கிலீஷ் ஆராதனை, இன்னொரு ஞாயிறு பிற்பகலில் எங்களுக்குத் தமிழ் ஆராதனை. தமிழ் ஆராதனைக்குக் குருவானவர் நுவரெலியாவிலிருந்து பஸ் ஏறி, மீதித் தூரத்தை நடந்து வருவார்.

எங்களுக்கு எத்தனையோ பெயர்கள் இருந்தன. லயத்தில் எங்களை "தொரை வேதம்" என்பார்கள். இங்கிலாந்து ராணிக்காக எங்கள் கோயிலில் ஜெபம் பண்ணுகிறார்கள் என்று யாரோ சொல்லப் போய், "ராணி வேதம்" என்றும் கொஞ்ச நாள் ஓடியது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் என்னை "ஏய் இங்கிலாந்துக்காரி, கப்பல் எப்ப வருது?" என்று கேட்பார்கள். யாழ்ப்பாணத்துக்காரரான குருவானவர் "அங்கிலிக்கன்" என்பார். அந்தச் சொல்லை அம்மாவின் நாக்கு கடைசிவரை ஏற்கவில்லை. அம்மாவுக்கு அது "இங்கிலாந்து சபை". அப்பாவுக்கு மட்டும் அந்தப் பெயரைக் கேட்டால் பொறுக்காது. சபையின் சரியான பெயர் "இந்தியா, பாகிஸ்தான், பர்மா, இலங்கைத் திருச்சபை" என்று நான்கு நாட்டையும் நிறுத்தி நிறுத்திச் சொல்லுவார். அதுதான் அந்தக் காலத்தில் அதற்கு முறையான பெயர். நான்கு நாடுகளுக்கும் சேர்ந்து ஒரே சபை, அதில் நாங்கள் ஒரு மூலை. அப்பா அந்தப் பெயரைச் சொல்லும்போது குரல் சற்றுத் தாழும், பெரிய துரையோடு பேசுகையில் தாழ்வதைப் போல.

அம்மா பிறந்த வீடு மாரியம்மனைக் கும்பிடுகிற வீடு. அப்பாவைக் கட்டுவதற்காக ஞானஸ்நானம் எடுத்து மார்த்தாள் ஆனவள். அவளுடைய அண்ணன் கருப்பையா மாமா பூண்டுலோயாப் பக்கம் ஒரு தோட்டத்தில் கங்காணி. அவர் ஒருநாளும் அவளை மார்த்தாள் என்று கூப்பிட்டதில்லை. அவருக்கு அவள் பேச்சிதான். எங்கள் அக்கா எஸ்தர் பிறந்தபோது வெள்ளிக் கொலுசு கொண்டுவந்து போட்டு, "எம் மருமக" என்று சொல்லிவிட்டுப் போனவர். அவருடைய மகன் சின்னராசு அப்போது தவழ்ந்துகொண்டிருந்தானாம். அப்பா அதற்கு ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை.

அக்கா கல்யாண வயதுக்கு வந்தது, இந்தியா, இலங்கை இரண்டு நாட்டுப் பிரதமர்களும் ஒப்பந்தம் போட்டு, இத்தனை பேர் அங்கே, இத்தனை பேர் இங்கே என்று எங்களைப் பிரித்துக்கொண்ட சமயத்தில். அதற்குச் சில வருஷங்களுக்கு முன்பே அப்பாவுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை கிடைத்திருந்தது. மாமாவுக்குக் கிடைக்கவில்லை. இருவரும் ஒரே மாதிரிதான் விண்ணப்பம் போட்டவர்கள், இருவரும் இந்த மலையில் பிறந்தவர்கள். அவருக்கு மறுத்ததற்கு என்ன காரணமென்று மாமாவுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. "எங்கள அனுப்பப் போறாங்க" என்று மட்டும் அவர் சொல்லுவார், யார் வீட்டுக் கதையையோ சொல்லுவதுபோல.

அந்த நேரத்தில்தான் அக்காவுக்குச் சம்பந்தம் பேசி முடித்தார்கள். ஹட்டனில் படிப்பிக்கிற டேவிட் மாஸ்டர். எங்கள் சபைக்காரர், பிரஜாவுரிமை உள்ளவர். அக்கா தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் வேலை செய்துகொண்டிருந்தாள். கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் விட்டுவிட்டுப் போகும் குழந்தைகளைப் பகல் முழுதும் பார்த்துக்கொள்ளும் வேலை. சம்பந்தம் பேசியபோது அவளை யாரும் கேட்டதாக எனக்கு ஞாபகமில்லை. அவளும் எதுவும் சொல்லவில்லை. மாமாவுக்கு ஆள் அனுப்பிச் சொல்ல வேண்டும் என்று அம்மா இரண்டு முறை ஆரம்பித்தாள். "சொல்லலாம், சொல்லலாம்" என்று அப்பா வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஆராதனைகளில் "ஓலை வாசிக்க" வேண்டும். ஓலை ஒன்றும் கிடையாது. பழைய வழக்கத்தின் பெயர் அது. இன்னாரின் மகனுக்கும் இன்னாரின் மகளுக்கும் விவாகம் நடக்கப் போகிறது, இதற்குத் தடை இருப்பதாக யாருக்காவது தெரிந்தால் இப்போதே சொல்ல வேண்டும் என்று குருவானவர் சபைக்கு முன்னால் வாசிப்பார். பட்டணத்தில் இது மூன்று வாரத்தில் முடிந்துவிடும். எங்களுக்கு மாதத்துக்கு ஓர் ஆராதனை என்பதால் மூன்று மாதம் பிடித்தது. தடை உண்டா என்று கேட்ட உடனேயே பாட்டு நம்பரைச் சொல்லிவிடுவார். பதில் வருமென்று யாரும் நினைப்பதில்லை. வந்ததும் இல்லை.

முதல் ஓலை வாசித்த செய்தி பூண்டுலோயாவுக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? தேயிலைத் தோட்டத்தில் தபாலைவிட வேகமாக வாய்கள் ஓடும். இரண்டாம் ஓலைக்கு முந்தின சனிக்கிழமை மாமா தலவாக்கலையில் பஸ் மாறி எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். கையில் ஒரு தகர டின் நிறையக் கருப்பட்டி. கோபத்தோடு வந்தவர் கருப்பட்டி கொண்டுவருவாரா என்று எனக்குத் தைரியமாக இருந்தது. சாப்பிட உட்கார்ந்த பிறகுதான் ஆரம்பித்தார்.

"என்னங்க மச்சான், இங்கிலாந்து சபைக்காரரே, தொரைமாரே மூட்டை கட்டுறாங்களாம். நீங்க எப்ப கப்பல் ஏறப் போறீங்க?"

"இங்கிலாந்து சபைன்னு சொல்லாதீங்கன்னு எத்தன தடவ சொல்றது," என்றார் அப்பா. "இந்தியா, பாகிஸ்தான், பர்மா, இலங்கைத் திருச்சபை. இதுல இங்கிலாந்து எங்க இருக்கு?"

"இந்தியா முன்னாலயா இருக்கு?"

"முன்னாலதான்."

மாமா சோற்றைப் பிசைந்துகொண்டே சிரித்தார். "பரவால்லயே. உங்க சாமி கோயிலு ஒரே பேருக்குள்ள நாலு நாட்ட வச்சிருக்கு. நமக்குத்தான் ரெண்டுல ஒண்ணுங்கறான்."

அப்பாவும் சிரித்துவிட்டார். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. சிரிப்பு அடங்கியதும் மாமா அவளைப் பார்த்து, "பேச்சி, எம் மருமகள வெளியில குடுக்கறியாமே" என்றார். குரலை உயர்த்தவில்லை.

"அண்ணே, நீங்க போறவங்க" என்றாள் அம்மா.

"போறவன்தான். போறதுனாலதான் கேக்கறேன். நாளைக்கு நான் கப்பல் ஏறிட்டா உனக்கும் எனக்கும் நடுவுல என்ன இருக்கு சொல்லு. எம் மகன் கையில உம் மகளப் புடிச்சுக் குடுத்தா, அவளப் பாக்கவாச்சும் நீ ஒரு நாள் வருவ. அவளாச்சும் உன்னத் தேடி வருவா. இல்லன்னா இதோட அத்துப்போச்சு."

அம்மா பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அக்கா அங்கேதான், கதவுக்குப் பின்னால், நின்றுகொண்டிருந்தாள். "மாஸ்டர் வீட்டுக்கு வாக்குக் குடுத்தாச்சு மச்சான், சபையிலயும் வாசிச்சாச்சு" என்று அப்பா சொன்னார். மாமா மறுநாள் ஆராதனைக்கு வரவில்லை. காலையிலேயே பஸ் ஏறிப் போய்விட்டார். இரண்டாம் ஓலை வழக்கம்போல வாசிக்கப்பட்டது.

அடுத்த ஒரு மாதம் எங்கள் வீட்டில் யாரும் யாரோடும் சரியாகப் பேசவில்லை. அம்மா அப்பாவுக்குச் சோறு போட்டுவிட்டு வெளியே போய் நிற்பாள். அந்த மாதம் முழுதும் மழை. கொழுந்து முற்றிப்போகிறதே என்று துரை அப்பாவைத் திட்டினார், அப்பா வீட்டுக்கு வந்து எங்களைத் திட்டினார்.

மூன்றாம் ஓலை நாளில் நாங்கள் போய் உட்கார்ந்தபோது மாமா கோயிலுக்குள் ஏற்கெனவே இருந்தார். கடைசி வரிசையில், நெற்றியில் திருநீறோடு, நனைந்த கம்பளியை மடியில் வைத்துக்கொண்டு. அவர் அந்தக் கோயிலுக்குள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. மாப்பிள்ளை மாஸ்டரும் அவருடைய தாயாரும் ஹட்டனிலிருந்து வந்து நடுவில் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா மாமாவைப் பார்த்துத் தலையசைத்தார். சமாதானமாகித்தான் வந்திருக்கிறார் என்று அப்பா நினைத்திருக்க வேண்டும்.

குருவானவர் ஓலையை வாசித்தார். தடை உண்டோ என்று கேட்டார். பாட்டு நம்பரைச் சொல்ல வாயெடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். மாமா எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

"இருக்குங்க சாமி."

பின்வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கியது கேட்டது. பதில் வராத கேள்வியென்று நாங்கள் எல்லோரும் வைத்திருந்த ஒன்றை மாமா கேள்வியாகவே எடுத்துக்கொண்டிருந்தார். கேட்டார்கள், அவரிடம் பதில் இருந்தது, எழுந்து சொன்னார்.

"என்ன தடை?" என்றார் குருவானவர்.

"பொண்ணுக்கு நான் தாய்மாமனுங்க. எம் மகன் கல்யாணமாகாம இருக்கான். மொறைக்காரன் இருக்கையில பொண்ண வெளியில குடுக்கறது தடை இல்லாம வேற என்னங்க?"

"அது உங்கட குடும்ப வழக்கம். சபையின்ர சட்டத்தில அது தடையில்லை."

"எந்த ஊரு சட்டங்க? இங்கிலாந்து சட்டமா?"

மாமா அப்பாவைக் காட்டினார். "மச்சான் எங்கிட்ட சொன்னாரு, இது இங்கிலாந்து சபை இல்ல, இந்தியாதான் இதுக்கு மொதப் பேருன்னு. அப்ப எங்க மொறைக்கும் இதுல ஒரு எடம் இருக்கணுமில்லீங்களா. இருந்தா குடுங்க. இல்லைன்னா, மச்சான் சொன்னது வெறும் பேருதானான்னு சொல்லிருங்க, நான் போயிடறேன்."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். மாஸ்டரின் தாயார் மகனின் காதில் ஏதோ சொன்னார். மாஸ்டர் எழுந்து போய்விட்டால் அக்காவின் கல்யாணம் அதோடு முடிந்தது, தோட்டமே அதைப் பேசும், பிறகு எந்த மாப்பிள்ளையும் வரமாட்டான் என்பது எனக்கே அந்த வயதில் தெரிந்திருந்தது. அம்மாவின் கை என் தோளில் இருந்தது. அவள் விரல்கள் அழுந்தியதில் தோள் வலித்தது.

குருவானவர் நினைத்திருந்தால் சட்டத்தைச் சொல்லி மாமாவை உட்கார வைத்திருக்கலாம், வெளியே அனுப்பியுமிருக்கலாம். அவர் புத்தகத்தை மூடிவிட்டு, "எல்லாரும் கொஞ்சம் இருங்கோ" என்று சபையிடம் சொல்லி, மாமாவையும் அப்பா அம்மாவையும் அக்காவையும் வெளியே வாசற்படிக்கு அழைத்துப் போனார். அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நானும் போனேன். மழை தூறிக்கொண்டிருந்தது.

அப்பா சட்டம் பேசத் தொடங்கினார். மாமா முறையைப் பேசினார். குருவானவர் இருவரையும் கையால் நிறுத்திவிட்டு அக்காவிடம் திரும்பினார். "பிள்ளை, நீர் ஒண்டும் சொல்லேல்லையே. உமக்கு என்ன விருப்பம்?"

அக்கா படியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் குருவானவருக்குப் பதில் சொல்லாமல் மாமாவிடம் சொன்னாள்.

"எனக்கு மாஸ்டரைத்தான் பிடிச்சிருக்கு மாமா. பிள்ளைக்காம்பராவுக்கு அவங்க ஸ்கூல் பிள்ளைங்க பொம்மை செஞ்சு அனுப்பினப்பவே பிடிச்சுது. சின்னராசு மச்சானும் நல்லவங்கதான். ஆனா எனக்கு இவங்களத்தான்."

மாமா கம்பளியை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். போகப் போகிறார் என்று நினைத்தேன்.

"இத நீ போன மாசமே கதவுக்குப் பின்னால இருந்து சொல்லியிருந்தா நான் எந்திரிச்சே நின்னிருக்க மாட்டேனே தாயி," என்றார். "பெரியவங்க நாங்க ஆளாளுக்குச் சட்டம் பேசிக்கிட்டிருந்துட்டோம்." பிறகு குருவானவரைப் பார்த்து, "சாமி, நான் சொன்ன தடையத் திரும்ப எடுத்துக்கறேன். இங்கன சொன்னா போதுங்களா, உள்ள வந்து சொல்லணுமா?"

அது தடையே இல்லை என்று குருவானவருக்குத் தெரியும். ஆனாலும் அவர், "உள்ள சொன்னதை உள்ளதான் வந்து எடுக்க வேணும்" என்றார்.

மாமா மறுபடி உள்ளே போய், அதே கடைசி வரிசையில் நின்று, "எனக்குத் தடை ஒண்ணுமில்லீங்க, புள்ள சந்தோசமா இருக்கட்டும்" என்றார். யாரும் சிரிக்கவில்லை. மாஸ்டர் எழுந்து திரும்பி அவரைக் கும்பிட்டார்.

கல்யாணத்துக்கு மாமா வந்தார். எங்கள் ஆராதனையில் தாய்மாமனுக்கென்று ஓர் இடம் கிடையாது. வாசலில் மாலை போட்டு அக்காவை உள்ளே அனுப்பிவிட்டு, திருநீற்று நெற்றியோடு கடைசி வரிசையில் உட்கார்ந்தார். சில மாதங்களில் அவர்கள் புறப்பட நாள் குறித்து வந்துவிட்டது. தலவாக்கலை ஸ்டேஷனில், இந்தியாவுக்குக் கப்பல் ஏறும் தலைமன்னாருக்குப் போகிறவர்கள் நிறைந்த கோச்சி வண்டியில் ஏறினார்கள். பெட்டி பெட்டியாக அழுகை. அம்மா அழவில்லை. சன்னலுக்குள் கையை விட்டு மாமாவின் கையைப் பிடித்தவள், கோச்சி நகர்ந்தபோதும் விடாமல் கூடவே நடந்தாள், அப்பா வந்து பிடிக்கும்வரை. அதற்குப் பிறகு அவள் அண்ணனைப் பார்க்கவில்லை. நீலகிரிப் பக்கம் ஏதோ ஒரு தேயிலைத் தோட்டத்தில்தான் அவர்களுக்கு வேலை கிடைத்தது என்றும், அங்கே அவர்களை "சிலோன்காரங்க" என்று கூப்பிடுகிறார்கள் என்றும் போய்வந்த ஒருவர் சொன்னார். அதன்பிறகு அந்தச் செய்தியும் இல்லை.

சபையின் நீளப் பெயரும் அதற்குப் பிறகு அதிக நாள் நிற்கவில்லை. நான்கு நாடுகளும் தனித்தனியாகப் பிரிந்துகொண்டன. நாங்கள் இலங்கைத் திருச்சபை ஆனோம். புதுப் பலகை மாட்டிய அன்று அப்பா வெகுநேரம் அதன் கீழே நின்றார். சந்தோஷப்பட்டாரா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அந்தப் பெயரை நான் சென்ற மாதம் அந்தக் காவல் நிலையத்தில் சொன்னேன். வேலை முடிந்து வந்துகொண்டிருந்த என் மகனைப் பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். தமிழன், மலையகத்து விலாசம், வேறொன்றும் காரணமில்லை. மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரி என்ன மதம் என்று சிங்களத்தில் கேட்டார். கிறிஸ்தவம் என்றேன். எந்தக் கிறிஸ்தவம் என்றார். "லங்கா சபாவ" என்றேன், அதில் லங்கா என்ற சொல் இருப்பதால், அதை அழுத்தி. அவர் எழுதிக்கொண்டிருந்த கையை நிறுத்தி ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி எழுதத் தொடங்கினார். மாலையில் மகனை விட்டார்கள். பெயரால் விட்டார்களா, விடுகிற நேரம் வந்ததால் விட்டார்களா, தெரியாது. வீட்டுக்கு வந்த பிறகு, தனக்கு நிச்சயித்திருக்கிற கல்யாணம் முடிந்ததும் பெண்ணும் தானும் வெளிநாடு போகப் போவதாகச் சொன்னான். எந்த நாடென்று நான் கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகப் போகிறது.

பெண் இங்கே பக்கத்துத் தோட்டத்தவள் என்பதால் போன ஞாயிறு அதே கல் கோயிலில் அவனுக்கு ஓலை வாசித்தார்கள். கூரையில் பாதிக்குத் தகரம் போட்டிருக்கிறது. முன்வரிசைப் பலகைகள் எப்போதோ போய்விட்டன. பிளாஸ்டிக் நாற்காலிகளில் நாலைந்து குடும்பங்கள். அக்காவும் மாஸ்டரும் ஹட்டனிலிருந்து வந்திருந்தார்கள், இருவருக்கும் தலை நரைத்துவிட்டது. அப்பா பின்பக்கம் கல்லறையில் இருக்கிறார். அம்மாவுக்கு இப்போது காது மந்தம், பாதி நேரம் நாங்கள் யாரென்றே தெரிவதில்லை. ஆனாலும் கூட்டிப் போயிருந்தோம்.

புதிய குருவானவர் இளைஞர். இன்னும் இரண்டு தோட்டங்களுக்குப் போக வேண்டிய அவசரம் அவருக்கு. பெயர்களை வாசித்தார், தடை உண்டா என்று கேட்டார், அதே மூச்சில் பாட்டு நம்பரையும் சொல்லிவிட்டார். எல்லோரும் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினோம். அம்மா மட்டும் நாற்காலியில் முழுதாகத் திரும்பி உட்கார்ந்து, கடைசி வரிசையையும் வாசலையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பாட்டு முடிகிறவரை அவளைத் திருப்ப முடியவில்லை.